யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்?

ஊவாத் தோட்டக் குடும்பங்கள் கூடியிருந்து படிப்பதற்கான பாடம்

"இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன" என்ற பேச்சு, தேர்தல் முடிந்து ஓர் ஆண்டு கழிவதற்குள் நம் லயங்களில் எழுந்துவிடும். பசறையிலும் மடுல்சீமையிலும், அப்புத்தளையிலும் பூனாகலையிலும் நம் மக்கள் வாக்களிக்கத் தவறுவதில்லை. வாக்களித்த பின் ஏமாந்து போவதும் தவறுவதில்லை. அரசாங்கத்தின் மீதும் அதன் தலைவர்கள் மீதும் உண்டாகும் இந்தக் கசப்பு நியாயமானதா? நியாயமானதென்றால், அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமும் ஒரு சமூகமும் என்ன செய்ய வேண்டும்? இவ்வாரம் இந்த இரண்டு கேள்விகளையும் ஆராய்வோம்.

விலைவாசி ஏறினால் கோபம் வருகிறது. சம்பளம் போதாவிட்டால் கோபம் வருகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். ஆனால் நம் மக்களின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே வேர் ஓடுவதைக் காணலாம். யாருடைய வாழ்வைப் பற்றி முடிவெடுக்கிறார்களோ, அவர்களைக் கேட்காமலே முடிவெடுப்பதுதான் அந்த வேர்.

வேவெஸ்ஸ தோட்டம் கேட்டது

1939ஆம் ஆண்டின் கடைசியில் மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு வேலைநிறுத்த அலை எழுந்தது. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அந்த அலை அதே ஆண்டு மே மாதத்தில் ஊவாவை எட்டியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். தோட்டத் துரையும் அந்தச் சபையைக் கலந்தே காரியங்களை நடத்துவதாக ஒப்புக்கொண்டார்.

இதன் பெருமையை நாம் உணர வேண்டும். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது மட்டுமே வாய் திறக்கப் பழக்கப்பட்டிருந்த மக்கள், "எங்களையும் கேட்டுச் செய்யுங்கள்" என்றார்கள். ஊவா வெள்ளத்தால் ஒரு வாரத்துக்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்த வேளையில், பொலிஸ் பலத்தால் அந்தப் போராட்டங்கள் ஒடுக்கப்பட்டன. வேவெஸ்ஸ ஏற்பாடு நிலைக்கவில்லை. ஆயினும் அன்று அவர்கள் கேட்ட கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது.

வாக்குப் பறிபோன கதை

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். அவர்களுள் ஒருவரான எஸ்.எம். சுப்பையா, பதுளைத் தொகுதியிலிருந்து சென்றவர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்தும் நிரூபித்தும்தான் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் எஸ். தொண்டமான் வெற்றி பெறும்வரை இந்நிலை நீடித்தது.

அந்நாளில் எல்லாரும் வாளாவிருக்கவில்லை என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். இடதுசாரி உறுப்பினர்கள் அச்சட்டங்களை எதிர்த்தார்கள். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் எதிர்த்து வாதாடியதோடு, இப்பிரச்சினையில் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார்.

வாக்கில்லாதவன் வாசலுக்கு எந்த வேட்பாளர் வருவார்? வேட்பாளர் வராத இடத்துக்குப் பாதை வராது, பாடசாலை வராது, வைத்தியர் வரமாட்டார். பல தோட்டங்களின் பின்தங்கிய நிலைக்கு இதுவே பெருங்காரணம்.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 மக்கள் கணக்கிடப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று கப்பலேறிய குடும்பங்களில், அண்ணன் ஒரு நாட்டவன், தம்பி வேறு நாட்டவன் என்று ஆன கதைகள் ஏராளம். இரு நாட்டுத் தலைவர்களும் பேசினார்கள். லயத்தில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1992இல் அவற்றின் நிர்வாகத்தை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. இரண்டு தடவையும் தோட்டத்தின் பெயர்ப்பலகை மாறியது. லயத்துக் கூரைத் தகரம் மாறவில்லை. 1973–74இல் பஞ்சம் வந்தபோது முதலில் பட்டினி கிடந்தவர்கள் தோட்ட மக்கள். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது தங்கள் சிறு கடைகளையும் வீடுகளையும் இழந்தவர்களுள் நம்மவரும் இருந்தனர்.

நாடற்றவர் என்ற பழி 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நீங்கியது. ஆயினும் வாக்குரிமை வந்த பிறகும் ஒரு கதவு மூடியே இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைத் தாராளமாகச் செலவிட இடமளிக்கவில்லை. பிரதேச சபைக்கு வாக்களித்தவரின் வீட்டுப் பாதைக்கு அச்சபை கல் போட முடியாது! இந்தத் தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதைச் சுமந்தோம். நம்முள் எத்தனை பேர் இதை அறிந்திருந்தோம்?

உரமில்லாத மலை

அண்மைய வரலாற்றுக்கு வருவோம். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று ஜனாதிபதியானார். 2021 மே மாதத்தில் இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்வதை அவரது அரசாங்கம் ஒரே வர்த்தமானியால் தடை செய்தது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே கேள்வி. பல ஆண்டுகள் எடுத்துச் செய்ய வேண்டிய மாற்றத்தை ஒரே போகத்தில் செய்யலாம் என்று சொன்னது யார்? மண்ணை அறிந்த விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். கொழுந்து பறிப்பவரை எவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். வாரத்துக்கொரு முறை தளிரைக் கிள்ளிக் கொடுக்கும் செடி, இழந்ததை மண்ணிலிருந்துதான் மீட்க வேண்டும். மண்ணுக்கு உரமில்லாவிட்டால் தளிர் மெலியும். அடுத்த சுற்று பிந்தும். மலையில் புல் மண்டும். கொழுந்து குறைந்தால் நிறுவை குறையும். குறித்த கிலோ எடுக்காவிட்டால் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். கொழும்பில் போட்ட கையெழுத்து, மாலையில் தராசடியில் நிற்கும் பெண்ணின் சம்பளத்தில் வந்து முடிகிறது.

தடை 2021 நவம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் செடிக்கு வர்த்தமானி தெரியாது. 2021இல் ஏறக்குறைய 29 கோடியே 90 இலட்சம் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடியே 10 இலட்சம் கிலோவளவுக்கு வீழ்ந்தது. கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி இது. நாட்டிடம் டொலர் வற்றிப்போன காலத்தில், டொலர் ஈட்டித் தரும் பயிரையே நாம் வாட விட்டோம்.

வெலிமடையில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்யும் சிங்களக் கமக்காரரும் இதே தடையால் துயருற்றார். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே பல காலமாக மூட்டப்பட்ட பகை எவ்வளவு பொய்யானது என்பதை இத்துன்பம் காட்டவில்லையா? கேட்கப்படாதவர் நாம் மட்டுமல்லர்.

ஆயிரம் ரூபாவுக்கு நேர்ந்தது

நாட்சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டு 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் திரண்டார்கள். அந்த ஆயிரம் 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபையின் மூலம் கிடைத்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஓராண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு 94.9 வீதம்.

பிள்ளைகளோடு இருந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவு, இப்போது 194 ரூபா 90 சதம். அப்படியானால் ஒரு நாட்சம்பளமான 1,000 ரூபாவுக்கு, முன்பு 513 ரூபாவுக்கு வாங்கியதைத்தான் வாங்கலாம். நீண்ட காலம் போராடிப் பெற்ற ஆயிரத்தில் ஏறக்குறைய பாதியை, எவரும் கைநீட்டி எடுக்காமலே, கோதுமை மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் விழுங்கிவிட்டன. ரொட்டியை நம்பி வாழும் வீட்டில் இது எப்படி உணரப்பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தலைவர் போனார், பிறகு?

2022 மார்ச் 31இல் மிரிஹானையில் தொடங்கிய மக்கள் எழுச்சி, ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் நிலைகொண்டது. மே 9இல் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகை மக்களால் நிரம்பியது. ஜூலை 14இல் ஜனாதிபதியின் பதவி விலகல் வந்தது. ஜூலை 20இல் ரணில் விக்கிரமசிங்கவைப் பாராளுமன்றம் ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது.

2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றார். அத்தேர்தலில் பதுளை மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கே கூடுதல் வாக்களித்தது. இரண்டு மாதங்களுக்குள், நவம்பர் 14இல், அதே மாவட்டம் தேசிய மக்கள் சக்தியை முன்னிறுத்தியது. கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் பதுளையிலிருந்து பாராளுமன்றம் சென்றார்கள். மலையகப் பெண்கள் வாக்குகளால் தெரிவாகிப் பாராளுமன்றம் புகுந்தது அத்தேர்தலில்தான். நம் மக்களின் வாக்கு எவருடைய சட்டைப்பைக்குள்ளும் இல்லை என்பதை இது காட்டிற்று.

ஆயினும் ஆளை மாற்றுவது வேறு, ஆளும் முறையை மாற்றுவது வேறு. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என்று அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம், கம்பனிகளின் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்றானது. எஞ்சிய 350 ரூபா கூடுதல் கொழுந்துக்கான ஊக்குவிப்பு. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், அடிப்படையை 1,550 ஆக உயர்த்தி, வரவுக்கென அரசாங்கம் 200 ரூபா சேர்க்கும் என்றது. அறிவிப்பில் சொன்ன தொகை வேறு, சம்பளச் சிட்டையில் விழும் தொகை வேறு என்பதை அனுபவத்தால் கற்றிருக்கிறோம்.

காணிக் கதையும் இதுவே. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்நிலம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, எழுந்து போய்க் குடியேறச் சொந்தமாய் ஓர் அடி நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் மண்சரிவுகளால் பேரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களுள் பதுளை ஒன்று. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஜனாதிபதி வீட்டுரிமை ஆவணங்களைக் கையளித்தார். இது வரவேற்கத்தக்கது. ஆனால் அத்தகைய ஒரு தாளைப் பெறுபவர் அதைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுமுன் வாசித்துப் பார்க்க வேண்டும். அது பதிவு செய்யப்பட்ட காணி உறுதியா, அல்லது பயனாளி என்று கூறும் கடிதமா? எல்லை குறிக்கப்பட்டுள்ளதா? மனைவியின் பெயரும் உள்ளதா?

ரெகபெயாமின் தவறு

அரசாங்கத்தைக் குறை கூறுவது பாவமோ என்று தயங்கும் நல்லுள்ளங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் அரசர்கள் முதல் நூலின் 12ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும். சாலமோன் இறந்தபின் மக்கள் செக்கேமில் கூடி, அவர் மகன் ரெகபெயாமிடம், தந்தை சுமத்திய பாரத்தைக் குறைக்கும்படி பணிவாகக் கேட்டார்கள். முதியோர் இணங்கச் சொன்னார்கள். அரசனோ தன்னோடு வளர்ந்த இளைஞரின் பேச்சைக் கேட்டு, பாரத்தை இன்னும் கூட்டுவேன் என்றான். நாடு இரண்டாயிற்று. பாரத்தைக் குறைக்கக் கேட்ட மக்களை அந்நூல் கலகக்காரர் என்று தொடங்கவில்லை. கேட்க மறுத்த அரசனிடமே கதை திரும்புகிறது.

நியாயமான கூலி என்பது இருவர் பேசி ஒப்புக்கொண்ட தொகை மட்டுமல்ல, தொழிலாளி குடும்பத்தோடு மனிதனாய் வாழப் போதுமானதாகவும் இருக்க வேண்டும் என்பது 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ தொடங்கி வைத்த போதனை. அதை நம் மலைகளில் வாழ்ந்து காட்டியவர்களும் இருந்தார்கள். கண்டி ஆயராக இருந்து, 1972இல் உருவான பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார ஆண்டகையும், அதே ஆண்டில் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கஸ்பெர்ஸ் அடிகளாரும் தோட்டத் தமிழரின் துயரைத் தம் துயராகக் கொண்டவர்கள்.

ஆகவே கோபம் தவறல்ல. கோபம் இரு பாதைகளில் வழிதவறலாம். ஒன்று, அடுத்த வீட்டுக்காரன் மீது, வேற்று மொழிக்காரன் மீது பாய்வது. மற்றது, "நமக்கென்ன" என்று கைகட்டி உட்கார்ந்துவிடுவது. முன்னது பகையை வளர்க்கும். பின்னது கேட்காமல் முடிவெடுப்பவருக்கு வசதியாகிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நம் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தரிடம் பார்க்க வேண்டும். தாத்தாவிடமிருந்து ஒரு சட்டத்தால் பறித்ததைப் பேரன் சோம்பலால் இழக்கலாகாது.

இரண்டாவது, சம்பளச் சிட்டையை வாசிக்கப் பழக வேண்டும். எத்தனை பேர் விழுந்தது, ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதமும் நிர்வாகத்தின் பங்கு 12 வீதமும் போயிற்றா, சங்கச் சந்தா எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் இது அரைமணி நேர வேலை.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும். நம் பாதைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, நம் லயம் மண்சரிவு அபாய இடத்தில் இருக்கிறதா என்று எந்தப் பிரஜையும் அரச அலுவலகத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் கேட்கலாம். எழுதத் தெரியாதவருக்குத் தகவல் உத்தியோகத்தர் உதவ வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

நான்காவது, அரசாங்கத்திடம் கேட்பதை நம் தலைவர்களிடமும் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் தொழிற்சங்கம் தோட்டக் கமிட்டியைக் கேட்டதா? கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கமிட்டியில் எத்தனை பெண்கள்? இந்தக் கேள்வி வீட்டு வாசலையும் தாண்டி உள்ளே வரும். மனைவி உழைத்துக் கொண்டுவரும் சம்பளம் எப்படிச் செலவாகிறதென்று அவளைக் கேட்காமலே முடிவு செய்யும் கணவன், கொழும்பைக் குறை கூறுமுன் சற்று யோசிக்கட்டும்.

1940இல் வேவெஸ்ஸ தொழிலாளர்களிடம் தகவல் சட்டம் இல்லை, காணி ஆவணம் இல்லை. இருந்தும் கேட்டார்கள். அவர்களிடம் இல்லாதவை சில இன்று நம் கையில் இருக்கின்றன.

குடும்பத்திலும் குழுவிலும் கலந்துரையாட

1. கடந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் தோட்டத்தைப் பாதித்த ஒரு முடிவைக் குறிப்பிடுங்கள். அதை எடுத்தவர் யார்? எடுக்குமுன் யாரைக் கேட்டார்?

2. உர இறக்குமதித் தடையால் நம் தோட்டத்துக்கும் அயலிலுள்ள சிங்களக் கிராமத்துக்கும் நேர்ந்த இழப்புகள் யாவை? இரு பகுதியாரும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒன்று எது?

3. எங்கள் லயம் அபாயமான சரிவில் உள்ளதா? தெரியாதெனில், இம்மாதத்துக்குள் யாரிடம், யார் போய்க் கேட்பது?

4. எங்கள் வீட்டில் முடிவுகள் எடுக்கும்போது யாருடைய குரல் கேட்கப்படுவதில்லை?